அகதிகள் எழுதிய பொருளியல்

எங்கட ஆட்கள் நாலு பேர் கூடினால் ஒரு கதை கட்டாயம் வரும். "இந்த வெள்ளைக்காரன் ஏன் முன்னேறினான், நாங்கள் ஏன் இப்பிடி இருக்கிறம்?" பதிலும் கையோடு இருக்கும். எங்கட சனத்துக்கு ஒழுங்கு இல்லை, அரசியல்வாதி எல்லாம் கள்ளர், ஒருத்தரும் நேரத்துக்கு வேலைக்கு வராயினம். அதோடு கதை முடியும், சாப்பாடும் வந்துவிடும்.

அந்தப் பதிலில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே கேள்விக்கு 1949 இல் வேறொரு பதில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம் வரைக்கும் உலகத்தின் ஏழை நாடுகள் அந்தப் பதிலை வைத்துத்தான் பணக்கார நாடுகளோடு வாதாடின. இன்று அதைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. அதை எழுதியவர்களில் கனபேர் சொந்த நாட்டில் இருக்க வழியில்லாமல் ஓடியவர்கள் என்பது அதைவிடக் குறைவான பேருக்குத்தான் தெரியும். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன். நான் பொருளியலை இரண்டு வருடம் படித்து இடையில் விட்டவன். இப்போது குசினியில் நிற்பவன். ஆகவே இது அறிஞர் கட்டுரை அல்ல, லீவு நாட்களில் வாசித்ததைக் கோர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உயர்தரத்தில் பொருளியல் படித்த எல்லோருக்கும் ஒப்பீட்டு நன்மை ஞாபகம் இருக்கும். டேவிட் றிக்காடோ 1817 இல் சொன்னது. இங்கிலாந்தில் துணி நெய்ய 100 பேரும் வைன் செய்ய 120 பேரும் தேவை. போர்த்துக்கலில் துணிக்கு 90 பேர், வைனுக்கு 80 பேர். போர்த்துக்கல் இரண்டிலுமே கெட்டித்தனமான நாடு என்றாலும், அது வைனை மட்டும் செய்து துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இருவருக்கும் இலாபம். கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விசயம் இல்லை. ஐம்பது வருடம் கழித்து வைன் செய்த நாடு எங்கே நிற்கும், துணி நெய்த நாடு எங்கே நிற்கும் என்ற கேள்வி அதில் வராது. பரீட்சையிலும் அது வராது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் முக்கியமானவர் ராவுல் பிரெபிஷ். ஆர்ஜென்ரீனாக்காரர், 1901 இல் பிறந்தவர். தொடக்கத்தில் அவரும் றிக்காடோவை நம்பிய மனிதர்தான். 1935 இல் ஆர்ஜென்ரீன மத்திய வங்கி தொடங்கியபோது அதன் முதல் பொது முகாமையாளர் அவர். 1930களின் பெருமந்தத்தில் அவருடைய நாட்டுக் கோதுமையும் இறைச்சியும் விலை விழுந்து கிடந்தன. 1933 இல் பிரித்தானியாவோடு வர்த்தக ஒப்பந்தம் பேச இலண்டனுக்குப் போன குழுவில் அவரும் ஆலோசகராகப் போனார். இறைச்சியை வாங்குவதற்கே பிரித்தானியா என்னென்ன நிபந்தனை போட்டது என்பதை நேரில் பார்த்தவர். புத்தகத்தில் இல்லாத பொருளியலை அங்கேதான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். 1943 இல் இராணுவ ஆட்சி வந்ததும் பதவி போனது. பிறகு பெரோன் காலத்தில் பல்கலைக்கழகத்திலும் இருக்க முடியவில்லை. 1949 இல் சிலியின் தலைநகர் சந்தியாகோவுக்குப் போய், ஐ.நா.வின் இலத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணைக்குழுவுக்காக ஒரு அறிக்கை எழுதினார். நான் மேலே சொன்ன பதில் அதுதான்.

அந்த அறிக்கைக்குத் தேவையான புள்ளிவிபரங்களைச் சேர்த்துக் கொடுத்தவர் ஹான்ஸ் சிங்கர். இவர் முழு அகதி. ஜேர்மன் யூதர், 1910 இல் பிறந்தவர். ஹிட்லர் வந்ததும் நாட்டை விட்டு ஓடி, கேம்பிறிட்ஜில் கெயின்ஸிடம் படித்தார். வேலையில்லாத பிரித்தானியத் தொழிலாளர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றிலும் வேலை செய்தார். 1940 இல் அதே பிரித்தானியா அவரை எதிரி நாட்டவர் என்று கொஞ்சக் காலம் தடுத்து வைத்தது. (ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவரை ஹிட்லரின் ஆள் என்று பிடிப்பது! எங்களுக்கு இது புதுக்கதை இல்லை.) 1947 இல் ஐ.நா.வில் சேர்ந்து, பிரித்தானியாவின் பழைய வர்த்தகப் பதிவுகளைக் கிண்டத் தொடங்கினார்.

கிண்டியதில் வந்த கணக்கு இதுதான். 1876 இற்கும் 1880 இற்கும் இடையில் மூலப்பொருட்களின் ஒரு மூட்டையைக் கொடுத்து 100 பங்கு தொழிற்சாலைப் பொருள் வாங்க முடிந்தது என்று வையுங்கள். 1930களின் கடைசியில் அதே மூட்டைக்கு 64 பங்குதான் கிடைத்தது. அறுபது வருடத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. இதைத்தான் வர்த்தக மாற்று வீதம் என்று படிப்பித்தார்கள். சூத்திரம் தந்தார்கள், அதற்குப் பின்னால் இருந்த சனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இரண்டு பேரும் சொன்ன விளக்கம் மிக எளிது. தேயிலையை வைத்துப் பார்ப்போம். கார் செய்யும் நாட்டில் புது இயந்திரம் வந்து ஒரு தொழிலாளி முந்தி செய்ததைவிட இரண்டு மடங்கு செய்கிறான். அங்கே தொழிற்சங்கம் பலமானது, கொம்பனிகளும் பெரியவை. ஆகவே காரின் விலை அந்தளவுக்கு விழாது, சம்பளமும் இலாபமும் ஏறும். தோட்டத்திலும் விளைச்சல் கூடுகிறது. ஆனால் அங்கே ஒருத்தி மாட்டேன் என்றால் வர இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆகவே சம்பளம் ஏறாது, தேயிலை விலைதான் இறங்கும். அந்த இறக்கத்தின் பலன் கொழுந்து பறித்தவளுக்கு இல்லை, இலண்டனில் தேத்தண்ணி குடிப்பவனுக்குப் போகிறது. அடுத்தது, மனிதனுக்கு வருமானம் இரட்டிப்பானால் இரண்டு மடங்கு தேத்தண்ணி குடிக்கமாட்டான். கார் வாங்குவான், வானொலி வாங்குவான். ஆகவே உலகம் பணக்காரனாக ஆக, தேயிலைக்காரன் பின்னுக்கே போவான். பிரெபிஷ் இந்த இரண்டு பக்கத்துக்கும் மையம், விளிம்பு என்று பெயர் வைத்தார்.

இந்த யோசனை தென் அமெரிக்காவில் திடீரென்று முளைத்தது என்று நினைக்கத் தேவையில்லை. பிரித்தானியா இந்தியாவிலிருந்து செல்வத்தை எப்படி வடித்தெடுக்கிறது என்று தாதாபாய் நௌரோஜி 1860களிலேயே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 1892 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கே தெரிவாகி அங்கிருந்தும் அதைச் சொன்னவர். கரிபியன் தீவான ரினிடாட்டைச் சேர்ந்த எரிக் வில்லியம்ஸ், அடிமை வியாபாரப் பணத்துக்கும் பிரித்தானியத் தொழிற்புரட்சிக்கும் உள்ள தொடர்பை 1944 இல் புத்தகமாக எழுதினார். பிரெபிஷும் சிங்கரும் செய்தது, அந்த வாதத்தை ஐ.நா.வின் மேசையில் எண்ணிக்கையோடு வைத்தது.

இனிச் சந்தியாகோவுக்கு வருவோம். 1964 இல் பிறேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. படித்தவர்கள், சங்கக்காரர், மாணவர் என்று பலர் ஓடினார்கள். கர்டோசோ, தியோத்தோனியோ டொஸ் சாந்தோஸ், ருய் மவுரோ மரினி, வானியா பம்பிரா என்று ஒரு தலைமுறையே நாட்டைவிட்டு வெளியேறி, நேரடியாகவோ மெக்சிக்கோ வழியாகவோ சிலிக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் அன்ட்ரே குண்டர் ஃபிராங்கும் வந்தார். அவர் 1929 இல் பேர்ளினில் பிறந்தவர். நாசிகள் வந்ததும் அவருடைய குடும்பம் முதலில் ஓடி வந்தது சுவிசுக்கு, பிறகு அமெரிக்காவுக்கு. சிக்காகோவில் மில்டன் ஃபிரீட்மன் இருந்த துறையிலேயே கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு, அங்கே படித்ததற்கு நேர்மாறாக எழுதியவர்.

இவர்களுக்குப் பிரெபிஷ் போதவில்லை. பிரெபிஷின் மருந்து, ஏழை நாடுகள் தாங்களே தொழிற்சாலை கட்டவேண்டும் என்பது. கட்டினார்கள். ஆனால் இயந்திரம் வெளிநாடு, உரிமம் வெளிநாடு, கடன் வெளிநாடு. விளிம்பு நாட்டின் வறுமை, முன்னேற்றம் இன்னும் வந்து சேராததால் ஏற்பட்டது அல்ல, மையத்தின் முன்னேற்றத்தோடு சேர்ந்தே உண்டாக்கப்பட்டது என்று ஃபிராங் 1966 இல் எழுதினார். மரினி இன்னொரு படி போனார். வெளிச்சந்தையில் இழப்பதை விளிம்பு நாட்டு முதலாளி எப்படி ஈடுகட்டுகிறான்? தன் தொழிலாளியை வழமையான சுரண்டலுக்கு மேலாகச் சுரண்டித்தான். வேலையைக் கடுமையாக்குவது, நேரத்தைக் கூட்டுவது, ஒருவன் ஒழுங்காகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றி மறுநாள் வேலைக்கு வரத் தேவையானதற்கும் குறைவாகச் சம்பளம் கொடுப்பது என்று மூன்று வழி சொன்னார். மலையகத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. ஆனால் லயத்தைப் பார்த்த எவருக்கும் அது விளங்கும்.

1973 செப்ரெம்பர் 11 இல் சிலியிலும் இராணுவம் வந்தது. அகதிகள் மறுபடியும் ஓடினார்கள். மெக்சிக்கோ, ஜேர்மனி, பிரான்ஸ் என்று சிதறினார்கள். ஒரே வாழ்க்கையில் இரண்டு தரம் அகதியான பேராசிரியர்கள்.

ஆபிரிக்கப் பக்கத்தில் இரண்டு பேரைச் சொல்லாமல் விடமுடியாது. ஒருவர் சமீர் அமீன். 1931 இல் கெய்ரோவில் பிறந்து, பாரிஸில் படித்து, நாசர் இடதுசாரிகளை நெருக்கிய காலத்தில் 1960 இல் எகிப்தை விட்டுப் போனவர். பிறகு மாலி, செனகல் என்று ஆபிரிக்காவிலேயே கனகாலம் வேலை செய்தார். 2018 இல் பாரிஸில் இறந்தார். உலகச் சந்தையோடு உள்ள தொடர்பை அறுக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பது என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். அவர் சொன்னது அது அல்ல. வெளிச்சந்தைக்கு என்ன தேவை என்று பார்த்து நாட்டை ஒழுங்குபடுத்தாமல், நாட்டுக்கு என்ன தேவை என்று பார்த்து வெளி வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவது. வியாபாரம் இருக்கும், ஆனால் கடிவாளம் எங்கள் கையில்.

மற்றவர் வோல்ற்றர் றொட்னி. கயானாவில் 1942 இல் பிறந்து, 24 வயதில் இலண்டனில் கலாநிதியானவர். யமேக்காவில் படிப்பித்தபோது வகுப்பறையோடு நிற்காமல் சேரிகளுக்குப் போய்ச் சனத்தோடு கதைத்தார். 1968 ஒக்ரோபரில் யமேக்கா அரசு அவரைத் திரும்ப உள்ளே விடவில்லை, கிங்ஸ்ரனில் கலவரம் வெடித்தது. தன்சானியாவின் தார் எஸ் சலாமில் இருந்து எழுதி 1972 இல் வெளிவந்த ஆபிரிக்காவைப் பற்றிய அவருடைய புத்தகம்தான் இந்தச் சிந்தனையைச் சாதாரண வாசகனுக்கும் கொண்டுபோனது. பின்தங்கிய நிலை என்பது ஒரு இல்லாமை அல்ல, அது ஒரு உறவு என்று அதில் காட்டினார். பிறகு தன் நாட்டுக்கே திரும்பி அரசியலில் இறங்கினார். 1980 யூன் 13 இல் காருக்குள் குண்டு வெடித்து இறந்தார், வயது 38. அந்தக் கொலையில் அரசின் கை இருந்தது என்று விசாரணை ஆணைக்குழு அறிக்கை கொடுக்க 2016 ஆகிவிட்டது. அவரைக் கொன்றது வெள்ளைக்கார அரசு இல்லை என்பதைக் கவனியுங்கள். சுதந்திரம் பெற்ற, முன்னேற்றம் பேசிய சொந்த அரசு.

இனி ஜெனீவாவுக்கு வருவோம். எங்கட சனத்துக்கு ஜெனீவா என்றால் மனித உரிமைச் சபையும் முறிந்த கதிரையும்தான். ஆனால் அந்த ஐ.நா. கட்டடத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1964 மார்ச்சில் அங்கே ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு (அங்டாட்) முதல் தரம் கூடியது. பிரெபிஷ்தான் செயலாளர் நாயகம். சே குவேராவும் கியூபாவுக்காக வந்து பேசினார். யூன் 15 இல் 77 நாடுகள் சேர்ந்து ஒரு அணியானதாக அறிவித்தன. இலங்கையும் அந்த 77 இல் ஒன்று. 1974 மே 1 இல் ஐ.நா. பொதுச்சபை புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு வேண்டும் என்ற பிரகடனத்தை நிறைவேற்றியது. அதே வருடம் அங்டாட்டின் செயலாளர் நாயகமாக வந்தவர் இலங்கையரான காமனி கொரயா. 1984 வரைக்கும் இருந்தார்.

அவருடைய காலத்துப் பெரிய திட்டம் 1976 இல் நைரோபியில் எடுக்கப்பட்டது. கோப்பி, கொக்கோ, தேயிலை, சீனி, பருத்தி, றப்பர், சணல், கற்றாழை நார், செம்பு, ஈயம் (வெள்ளீயம்) என்று பத்து முக்கிய பொருட்களுக்கு ஒரு பொது நிதியம். விலை விழும்போது வாங்கிச் சேமித்து, ஏறும்போது விற்பது. எங்கட ஊர்ச் சங்கக்கடை நெல்லுக்குச் செய்யும் வேலைதான், உலக அளவில். கேட்டது 600 கோடி டொலர். பணக்கார நாடுகள் இழுத்து இழுத்து 1980 இல் ஒத்துக்கொண்டது 75 கோடி. அது நடைமுறைக்கு வந்தது 1989 இல். அதற்குள் வெள்ளீய உடன்படிக்கை 1985 இல் உடைந்துவிட்டது. கோப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீடு அதே 1989 யூலையில் கைவிடப்பட்டு, கோப்பி விலை தலைகுப்புற விழுந்தது. நெருப்பணைக்கும் வண்டி வந்து சேரும்போது வீடு இல்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கா தன்னுடைய வட்டி வீதத்தை 20 வீதம் வரைக்கும் ஏற்றியது. மலிந்த வட்டிக்குக் கடன் வாங்கியிருந்த நாடுகள் மூச்சுத் திணறின. 1982 ஓகஸ்ற்றில் மெக்சிக்கோ கட்ட முடியாது என்றது. அதோடு ஏழை நாடுகள் விலை பேச வந்த நிலை மாறி, தவணை கேட்க வந்த நிலை ஆனது. கடன்காரன் பேரம் பேச ஏலாது.

இதுவரைக்கும் எழுதியதைப் பார்த்துவிட்டு, எல்லாம் வெள்ளைக்காரனின் பிழை என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்கவேண்டாம். இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இனி வருவதுதான்.

இலங்கைக்கு இந்தக் கேள்வி விளங்காமல் இல்லை. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த றப்பர் அரிசி ஒப்பந்தம் அதற்குச் சாட்சி. வருடத்துக்கு 50,000 தொன் றப்பரைச் சந்தை விலையைவிடக் கூட்டி சீனா வாங்கியது, 270,000 தொன் அரிசி தந்தது. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது, இலங்கை அசையவில்லை. நல்ல துணிச்சல்தான். ஆனால் 1964 ஐப் பாருங்கள். யூனில் ஜெனீவாவில், தேயிலைக்கு நியாயமான விலை வேண்டும் என்று கேட்கும் அணியில் இலங்கை சேர்கிறது. அதே வருடம் ஒக்ரோபர் 30 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அந்தத் தேயிலையைப் பறித்த சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்து வைத்தார்கள். மூட்டையைப் பங்குபோட்ட மாதிரி. அந்தச் சனத்திடம் ஒருவரும் கேட்கவில்லை. 1948 இல் குடியுரிமையைப் பறித்துவிட்டதால் கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

தேயிலைக்கு விலை கூடினால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வி ஜெனீவா மேசையில் இருக்கவில்லை. நாடு என்று சொன்னால் நாட்டுக்குள்ளே எல்லோரும் ஒன்று என்ற மாதிரித்தான் பேச்சு. இதைத் தொட்டவர் இன்னொரு இலங்கையர், எஸ்.பி.டி. டி சில்வா. 1982 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகம், தோட்டத்துறைதான் நவீனம், கிராமம்தான் பின்தங்கியது என்ற பாடப்புத்தகக் கதையைத் தலைகீழாக்கியது. தோட்டத்தில் நவீனம் எங்கே இருக்கிறது? கட்டிப்போட்ட மலிவான உழைப்பு இருக்கும்வரை இயந்திரம் கொண்டுவர முதலாளிக்கு ஒரு அவசியமும் இல்லை. ஏஜென்சிக் கொம்பனிகள் கொமிசனில் வாழ்ந்தன, இலாபம் நாட்டுக்குள்ளே தொழிற்சாலையாக மாறவில்லை. ஆகவே மலிவான உழைப்பு ஒரு வரம் அல்ல, நாட்டை வளரவிடாத நோய் என்பது அந்தப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992 இல் திரும்ப கொம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. முதலாளி மாறினார், லயம் மாறவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட 2021 ஆகிவிட்டது.

இந்தக் கோட்பாட்டை மறுக்கிறவர்களின் கேள்விகளும் சாதாரணமானவை அல்ல. தென்கொரியாவும் தாய்வானும் உலகச் சந்தைக்குள் நின்றுகொண்டே ஏறவில்லையா? ஏறின. ஆனால் இரண்டும் நிலச்சீர்திருத்தம் செய்து, வங்கியை அரசின் கையில் வைத்து, எந்தத் தொழில் வளரவேண்டும் என்று தாங்களே தீர்மானித்து ஏறின. பக்கத்தில் அமெரிக்காவின் பனிப்போர்ச் செலவும் இருந்தது. சார்புநிலைக்குள்ளேயும் ஒரு வளர்ச்சி வரலாம் என்று கர்டோசோ 1969 இலேயே எழுதினார். பிறகு அவரே 1995 இல் பிறேசில் சனாதிபதியாகி, அரசுச் சொத்துக்களை விற்றார் என்பது வேறு கதை. விலைக் கணக்கையும் பலர் திரும்பப் பார்த்தார்கள். உலக வங்கியின் இரண்டு பொருளியலாளர்கள் 1988 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1900 முதல் 1986 வரை மூலப்பொருட்களின் ஒப்பீட்டு விலை வருடத்துக்கு அரை வீதத்துக்குச் சற்று மேல் விழுந்திருக்கிறது. பிரெபிஷ் சொன்ன அளவுக்கு இல்லை, ஆனால் அதே திசை. 2000களில் சீனா வாங்கியபோது விலைகள் ஏறின, பிறகு விழுந்தன.

இன்றைய கணக்கு ஒன்றோடு முடிக்கிறேன். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அடுத்த வருடம், 2023 இல், தேயிலை ஏற்றுமதியால் வந்தது ஏறத்தாழ 131 கோடி டொலர். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பியது ஏறத்தாழ 600 கோடி டொலர். அதாவது இலங்கையின் பெரிய ஏற்றுமதி இப்போது தேயிலை இல்லை, ஆட்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் பெண், கட்டாரில் சீமெந்து குழைப்பவன், இங்கே கோப்பை கழுவுபவன். ஒரு கோப்பிச் செடியும் வளராத சுவிஸ் நாடு, வறுத்த கோப்பியை விற்று சொக்லேற், சீஸ் இரண்டையும் விடக் கூடச் சம்பாதிக்கிறது. நாங்கள் எங்களையே பச்சைக் கொட்டையாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பிரெபிஷ் கேட்ட கேள்வி விலையை யார் தீர்மானிப்பது என்பது. அதை நாட்டுக்கு நாடு கேட்டால் பாதிதான் கேட்டதாகும் என்று றொட்னியின் சாவும் 1964 இன் இரண்டு கையெழுத்துகளும் சொல்கின்றன. மிச்சப் பாதியை நாட்டுக்குள்ளே, தோட்டத்துக்குள்ளே, குசினிக்குள்ளே கேட்கவேண்டும். கூடும் இடத்தில் "எங்கட சனத்துக்கு ஒழுங்கில்லை" என்று யாராவது தொடங்கினால், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மரினியைப் பற்றித் தனியாக எழுத விருப்பம். லீவு கிடைத்தால் எழுதுவேன்.